வாடகை ஒரு கணக்கு, ஒழுகல் ஒரு கணக்கு

ஏழாம் தேதி ஆகியும் வாடகை வரவில்லை. வங்கிச் செயலியை அன்று நான்கு முறை திறந்து பார்த்தேன். எட்டாம் தேதி காலை, வானொலி நிலையத்தில் இரண்டு பாடல்களுக்கு நடுவே ஐந்தாவது முறை. அதே இருப்புதான்.

தினமும் காலையில் முன்பின் தெரியாத நேயர்களிடம் நலம் விசாரித்து, கதை கேட்டு, சிரிக்க வைத்துப் பேசுவதுதான் என் பிழைப்பு. ஆனால் எனக்கு வரவேண்டிய 1,300 வெள்ளியை ஒருவரிடம் கேட்க வாய் வரவில்லை. புலனத்தில், "வணக்கம் அண்ணே, எல்லாரும் நலமா?" என்று அனுப்பினேன். "நலம் மேடம்" என்று பதில் வந்தது. கூடவே கைகூப்பும் படம் ஒன்று. அன்றைய வசூல் அத்தோடு முடிந்தது.

வாடகைக்கு விடும் அளவுக்கு வீடு வைத்திருப்பவள் என்றதும் வசதியானவள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பு, தனியாளாக இருந்தபோது பூச்சோங்கில் வாங்கிய அடுக்குமாடி வீடு அது. கல்யாணத்துக்குப் பிறகு கிள்ளானுக்குப் போய்விட்டதால் சும்மா கிடந்தது. வங்கித் தவணை 1,080 வெள்ளி, பராமரிப்புக் கட்டணம் 165 வெள்ளி. வாடகை 1,300. மிச்சம் 55 வெள்ளி. அந்த 55 வெள்ளிக்குத்தான் நான் வீட்டுக்காரம்மா. ஒரு மாதம் வாடகை தவறினால் தவணை என் சம்பளத்திலிருந்து போகும். என் மகனின் பாலர்பள்ளிக் கட்டணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

நானும் வாடகை வீடு தேடி அலைந்தவள்தான். பட்டம் முடித்து முதல் வேலைக்குச் சேர்ந்தபோது பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அறை தேடினேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "வீடு காலியாகத்தான் இருக்கிறது, இன்றே வந்து பாருங்கள்" என்பார்கள். பெயரைக் கேட்பார்கள். சொன்னதும், "ஓ, இந்தியரா? இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார்" என்பார்கள். என் குரல் பிடித்திருந்தது, பெயர் பிடிக்கவில்லை. இந்த அனுபவம் இல்லாத தமிழர் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவு. விளம்பரத்திலேயே "இந்தியர் வேண்டாம்" என்று எழுதிப் போடுகிறார்கள்.

அதனால், என் வீட்டுக்கு விளம்பரம் போட்டதும் ஒரு முகவர் அழைத்து, "எந்த இனம் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டபோது எரிச்சலாக இருந்தது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் பார்க்க வந்தது ஒரு தமிழ்க் குடும்பம். அண்ணன் ஷா ஆலாமில் லோரி ஓட்டுகிறார், அக்கா பாலர்பள்ளியில் உதவியாளர். இரண்டு பையன்கள். என் குரலை அக்கா உடனே கண்டுபிடித்துவிட்டார். "காலையில உங்களக் கேட்டுக்கிட்டுத்தான் இவனுங்களுக்குச் சப்பாத்து மாட்டிவிடுவேன்" என்றார். அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன். சம்பளச் சீட்டு கேட்கவில்லை. இதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்றும் விசாரிக்கவில்லை. எழுதுபொருள் கடையில் வாங்கிய ஒப்பந்தப் படிவத்தைப் பேனாவால் நிரப்பி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வழக்கமாக வாங்கும் இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. அவர்கள் சிரமப்பட்டதைப் பார்த்து, இரண்டு மாத முன்பணத்தை ஒன்றாக்கினேன். நல்ல மனசு என்று எனக்கு நானே பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் ஒழுங்காக வந்தது. ஆறாவது மாதம்தான் அந்த எட்டாம் தேதி.

பன்னிரண்டாம் தேதி 800 வெள்ளி வந்தது. "மீதி அடுத்த வாரம்." அடுத்த வாரம் வரவில்லை. அடுத்த மாதம் 650. நான் கேட்கும் விதமும் மாறிக்கொண்டே போனது. முதலில் நலம் விசாரிப்பு, பிறகு "ஞாபகப்படுத்துகிறேன் அண்ணே", அதற்குப் பிறகு வெறும் கேள்விக்குறி. எட்டாவது மாதம் ஒன்றுமே வரவில்லை. மொத்தப் பாக்கி 2,450 வெள்ளி. கையில் இருந்த முன்பணம் 1,300. இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த இன்னொரு மாதத்து முன்பணம் அப்போதுதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஒருநாள் மதியம் கோபத்தில் கொஞ்சம் கடுமையாகவே குரல்பதிவு அனுப்பினேன். இந்த முறை பதில் போட்டது அக்கா.

"மேடம், குளியலறை சீலிங் ஒழுகுதுன்னு எப்பச் சொன்னோம்? நீங்க வந்து பாத்தீங்களா? நீங்க செய்ங்க, நாங்க குடுக்கறோம்."

பொய் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பணம் இல்லாததற்கு ஒரு சாக்கு. புலனத்தை மேலே தள்ளிக்கொண்டே போனேன். இருந்தது. பதினோரு வாரங்களுக்கு முன்பு அனுப்பிய படம். வெள்ளைச் சீலிங்கில் காப்பிக் கறை போல ஒரு வட்டம். "மேடம், மேல இருந்து தண்ணி சொட்டுது." அதற்கு என் பதில், கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு சின்னப் படம். அவ்வளவுதான். பார்த்தேன் என்ற அர்த்தத்தில் போட்டிருப்பேன். செய்துதருகிறேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரில் கிடந்த பூட்டு

இதற்கிடையே ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. கிள்ளானில் இருபது வருடமாக இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் என் மாமா ரொம்பத் தெளிவாக இருந்தார். "இரக்கப்பட்டா வீடு போயிரும்மா. அவங்க வேலைக்குப் போற நேரமா பாத்துப் பூட்ட மாத்திடு. ரெண்டே நாள்ல காசு வரும்." மின்சார மீட்டரில் இணைப்பை எடுத்துவிடலாம் என்பது அவரது அடுத்த யோசனை.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் வீடு, என் கதவு. இரும்புக்கடையில் 38 வெள்ளிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிக் காரில் போட்டுக்கொண்டேன். பூச்சோங் போகும் வழியில்தான், என்னுடன் படித்து, பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரான தோழியை அழைத்தேன். ஆலோசனை கேட்கக்கூட இல்லை, புலம்பத்தான்.

"பூட்ட மாத்திட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"நல்லது. காரை அப்படியே திருப்பு."

அன்று அவள் சொன்னதைப் பிறகு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொண்டேன். நம் நாட்டில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு இருக்கிறது. அதுவரை பழைய சட்டங்களைத்தான் ஒட்டுப்போட்டுப் பார்க்க வேண்டும். அதில் முதலாவது, 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2). வாடகை ஒப்பந்தம் முடிந்துபோன பிறகும் ஒருவர் வீட்டில் தொடர்ந்து இருந்தால்கூட, நீதிமன்றம் வழியாக அல்லாமல் வீட்டுக்காரர் வீட்டை மீட்க முடியாது. பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே வைப்பது எல்லாம் இதற்கு எதிரானவை. பாக்கி வைத்தது அவர்களாக இருந்தாலும், பூட்டிய அந்த நிமிடத்தில் வழக்கு என் பக்கம் திரும்பிவிடும். "மீட்டர் பக்கமும் போகாதே" என்று சேர்த்துச் சொன்னாள்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, எல்லாமே நீதிமன்றத்தைச் சுற்றித்தான். எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் அனுப்பி, அவகாசம் கொடுத்து, ஒப்பந்தத்தை முடித்து, பிறகு வீட்டைக் கேட்டு வழக்குத் தொடரலாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருக்கும் நாட்களுக்கு இரட்டிப்பு வாடகை கேட்க 1956-ஆம் ஆண்டின் குடிமையியல் சட்டத்தில் இடம் உண்டு. 1951-ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணை வாங்கி, 12 மாதம் வரையிலான வாடகைப் பாக்கிக்கு வாடகைதாரரின் சாமான்களைக் கைப்பற்றவும் முடியும். ஆனால் உடுப்பு, படுக்கை போன்றவற்றில் கை வைக்க முடியாது. சிறு தொகை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு தொகைக் கோரிக்கை போடலாம்.

கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள்: "உன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கியா?"

கட்டவில்லை. எழுதுபொருள் கடைப் படிவம் என் அலமாரியில், கல்யாண ஆல்பத்துக்குக் கீழே கிடந்தது. 1949-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி, முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. அபராதத்தோடு பிறகு கட்டலாம் என்பது மட்டுமே ஆறுதல். ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் செய்ய வேண்டியது. இணையத்திலேயே முடிகிற வேலை. நான் சோம்பலில் விட்டுவிட்டேன்.

"இன்னொன்னும் கேளு. அவங்க சொல்ற ஒழுகல் உண்மையா?"

"படம் அனுப்பியிருக்காங்க."

"நீ போய்ப் பாத்தியா?"

அங்கேதான் என் வாய் அடைத்துப்போனது. அவள் விளக்கினாள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் தவிர, பழுதைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்தி வைக்கும் உரிமை வாடகைதாரருக்குப் பொதுவாகக் கிடையாது. அதேபோல் வாடகை வரவில்லை என்று நான் செய்யவேண்டிய பழுதைச் செய்யாமல் இருக்கவும் முடியாது. இரண்டும் வேறு வேறு கடமை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இரண்டும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன, யார் முதலில் அவிழ்ப்பது என்பதிலேயே ஆறு மாதம் போய்விடுகிறது என்றாள். அவள் பார்த்த வழக்குகளில் பாதி இப்படித்தானாம்.

சமையலறை மேசையில்

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனேன். அதுவும் தோழியின் கட்டளை. வாடகைக்குக் கொடுத்த பிறகு நினைத்த நேரத்துக்கு நுழைய அது என் வீடு இல்லை.

கதவைத் திறந்த அக்கா, "பசியாறிட்டீங்களா?" என்றார். கோபமாக இருந்தாலும் அதைக் கேட்காமல் நம்மவர்களால் கதவைத் திறக்க முடிவதில்லை. நான் நேரே குளியலறைக்குப் போனேன்.

படத்தில் பார்த்த வட்டம் இப்போது சீலிங்கில் பாதியைப் பிடித்திருந்தது. நடுவே பலகை உப்பிக் கீழே தொங்கியது. கீழே ஒரு வாளி, அதில் கால்வாசித் தண்ணீர். தண்ணீர் சுவரோரமாகவும் இறங்கி, வெந்நீர்க் கருவிக்குப் பக்கமாக ஒரு கோடு போட்டிருந்தது. அக்கா அந்தக் கருவியின் சுவிட்ச்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். "சின்னவன் தெரியாமப் போட்ருவான்னு பயம் மேடம். ரெண்டு மாசமா கெட்டில்ல சுட வச்சுத்தான் குளிப்பாட்டறேன்."

சின்னவனுக்கு ஐந்து வயது. என் மகனுக்கும் ஐந்து வயது. என் கட்டைவிரல் படத்தை நினைத்துக்கொண்டேன்.

மேசையில் உட்கார்ந்தோம். அண்ணன் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் திட்டமிட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: வாடகையையும் பழுதையும் ஒரே வாக்கியத்தில் பேசக் கூடாது. முதலில் வாடகையை எடுத்தேன். என் தவணை எவ்வளவு, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அந்த நோட்டிலேயே எழுதிக் காட்டினேன். 55 வெள்ளியைப் பார்த்ததும் அண்ணன் நிமிர்ந்தார். "நாங்க நெனச்சோம், ரேடியோவுல இருக்கறவங்க..." என்று இழுத்தார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அதன் பிறகுதான் அவரும் தன் கணக்கைச் சொன்னார். அவர் கம்பெனிக்கு ஒரு பெரிய குத்தகை போய்விட்டது. அடிப்படைச் சம்பளம் அப்படியே இருக்கிறது, ஆனால் ட்ரிப் காசும் ஓவர்டைமும் பாதியாகிவிட்டன. இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றிருக்கிறார். ஒழுகலைக் காட்டி வாடகையை நிறுத்தும் யோசனை யாரோ வேலையிடத்தில் சொன்னதாம். என் மாமாவைப் போல அவருக்கும் ஒரு மாமா இருந்திருக்கிறார்.

பேச்சில் இன்னொன்றும் தெரியவந்தது. ஒப்பந்தத்தில் வாடகைத் தேதி ஒன்று, அதிகபட்சம் ஏழு என்று எழுதியிருந்தேன். அண்ணனுக்குச் சம்பளம் வருவதே ஏழாம் தேதி. நம் நாட்டு வேலைச் சட்டப்படி, முந்தைய மாதச் சம்பளத்தை ஏழாம் தேதிக்குள் கொடுத்தால் போதும். நிறைய கம்பெனிகள் கடைசி நாள் வரை இழுக்கின்றன. அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் அவர் தாமதக்காரராகவே மாதத்தைத் தொடங்குகிறார். என் வங்கித் தவணையோ இருபதாம் தேதிதான் போகிறது. வாடகைத் தேதியைப் பத்துக்கு மாற்றினோம். எனக்கு ஒரு காசு நட்டமில்லை. வாடகை விடப்போகிறவர்கள் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி, "சம்பளம் எந்தத் தேதி?" என்பது. நான் எட்டு மாதம் கழித்துக் கேட்டேன்.

பிறகு பக்கத்தைத் திருப்பிப் பழுதுகளை எழுதினோம். ஒழுகல் தவிர நான்கு இருந்தன. வெந்நீர்க் கருவியின் வயர்: என் செலவு. சமையலறை சிங்க்கின் அடிக்குழாய் அடைப்பு: எண்ணெயும் சோற்றுப்பருக்கையும்தான் காரணம், அவர்கள் செலவு. படுக்கையறைக் கதவின் கீல் கழன்றிருந்தது. பழையதாகிக் கழன்றதா, பையன்கள் தொங்கிக் கழன்றதா என்று சின்ன வாக்குவாதம். அண்ணன் பெரியவனைப் பார்த்தார். பெரியவன் தரையைப் பார்த்தான். அவர்கள் செலவு.

நான்காவது, கிரில் கதவின் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மாட்டேன் என்றது. "ஒரு பூட்டு மட்டும் வாங்கிக் குடுத்துருங்க மேடம்" என்றார் அக்கா.

காருக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். எதற்கு வாங்கினேன் என்று சொல்லவில்லை.

பாக்கிக்கு வந்தோம். 2,450 வெள்ளி. இரண்டரை மாதம் குளியலறையைச் சரியாகப் பயன்படுத்த முடியாததற்கு 300 வெள்ளி கழித்தேன். இதற்கு எந்தக் கணக்குப் புத்தகமும் இல்லை. என் மனசாட்சி சொன்ன தொகை. அவர்கள் இடையில் ஒரு குழாய்க்காரரைக் கூப்பிட்டு 130 வெள்ளி கொடுத்த ரசீதைக் காட்டினார்கள். அதையும் கழித்தால் 2,020. இருபதை விட்டுவிட்டேன். மாதம் 200 வீதம் பத்து மாதம், அந்தந்த மாத வாடகையோடு சேர்த்து. நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டோம்.

மாமாவிடம் சொன்னபோது, "300 வெள்ளிய எதுக்கும்மா சும்மா குடுத்த?" என்றார். சும்மா கொடுக்கவில்லை. பதினோரு வாரம் நான் தூங்கியதற்கான கட்டணம் அது. நீதிமன்றம் போயிருந்தால் இதைவிட அதிகம் செலவாகியிருக்கும், சீலிங்கும் அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கும்.

பாரம் 28

ஒழுகலைச் சரிசெய்யத்தான் உண்மையில் படாதபாடு பட்டேன். தண்ணீர் வருவது மேல்வீட்டிலிருந்து. மேல்வீட்டுக்காரர் ஜொகூரில் இருக்கிறார். அங்கே குடியிருக்கும் மாணவர்களுக்கு அவர் தொலைபேசி எண்கூடத் தெரியவில்லை. நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். "அது ரெண்டு வீட்டுக்காரங்க பேசித் தீர்த்துக்க வேண்டியது" என்றார் அங்கிருந்தவர். அப்படியா என்று திரும்பி வந்திருப்பேன், தோழி முன்பே சொல்லி அனுப்பியிராவிட்டால்.

அடுக்குமாடியில் வீடு வைத்திருக்கும், குடியிருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 2013-ஆம் ஆண்டின் ஸ்திராத்தா நிர்வாகச் சட்டமும் அதன்கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளும் மாடிக்கு மாடி நீர்க்கசிவைப் பற்றித் தனியாகவே பேசுகின்றன. சீலிங்கில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, பழுது மேல்வீட்டில்தான் என்று கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலம் தெரிவித்தால், நிர்வாகம் ஏழு நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த ஐந்து நாட்களுக்குள், காரணம் என்ன, பொறுப்பு யார் என்று பாரம் 28 என்ற சான்றிதழைத் தர வேண்டும். மேல்வீடுதான் காரணம் என்றால், சான்றிதழ் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அதன் உரிமையாளர் சரிசெய்ய வேண்டும். தவறினால் நிர்வாகமே செய்துவிட்டு அவரிடம் செலவை வசூலிக்கலாம். நிர்வாகமே அசையாவிட்டால் ஸ்திராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது.

மறுநாள் கடிதத்தோடு போனேன். படங்கள், தேதிகள், "பாரம் 28 கோருகிறேன்" என்று ஒரு வரி. நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாள் என்னைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். ஆறாவது நாள் ஆட்கள் வந்தார்கள். மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றித் தேக்கி வைத்தார்கள். சில மணி நேரத்தில் என் சீலிங்கில் நீலப் பொட்டு விழுந்தது. மேல்தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டிருந்தது. ஜொகூர்க்காரர் முதலில் முரண்டு பிடித்தார்; சான்றிதழ் கையில் கிடைத்ததும் ஆள் அனுப்பினார். விதியில் இருக்கும் ஏழு நாள் நடைமுறையில் மூன்று வாரமானது. ஆனாலும் ஆனது. தொங்கிக்கொண்டிருந்த சீலிங்கை மாற்ற எனக்கு 450 வெள்ளி செலவு. ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாடகை வருமானத்துக்கு வரி கணக்குக் காட்டும்போது பழுதுபார்ப்புச் செலவைக் கழித்துக்கொள்ளலாம்.

மேல்வீட்டுச் சண்டை நடந்த அந்த வாரங்களில் அண்ணன் வாடகையை நிறுத்தவில்லை. பத்தாம் தேதி 1,300, கூடவே 200. "வேலை நடக்குதுன்னு நீங்க வாராவாரம் படம் அனுப்புறீங்களே மேடம்" என்றார் பிறகு. நடக்காத வாரத்திலும் "இன்னும் ஆள் வரவில்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்கிறேன்" என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் படத்தை வாடகை விஷயத்தில் அடியோடு நிறுத்திவிட்டேன்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. என் சக அறிவிப்பாளர் ஒருவரின் ரவாங் வீட்டில் இருந்தவர்கள் இதே மாதிரி "அடுத்த வாரம்" சொல்லிச் சொல்லி, நான்கு மாத வாடகையையும் 1,100 வெள்ளி மின்கட்டணத்தையும் விட்டுவிட்டு ஓர் இரவில் போய்விட்டார்கள். மின்கணக்கு அவர் பெயரில் இருந்தது. பேசிப் பார்த்தார், மேசையில் உட்கார்ந்தார், எல்லாம் செய்தார். அவர் தவறு, மூன்றாவது மாதத்திலேயே நோட்டீஸ் கொடுக்காததுதான் என்பது என் தோழியின் கருத்து. பேசுவதற்கும் ஒரு காலக்கெடு வேண்டும். என் கணக்கு இப்போது இப்படி: பத்தாம் தேதி தவறினால் பதினொன்றில் ஒரு செய்தி, நலம் விசாரிப்பு இல்லாமல், தொகையும் தேதியும் மட்டும். பதினைந்தில் அழைப்பு. மாதம் முடிந்தும் வராவிட்டால் எழுத்தில் கடிதம். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தால் வழக்கறிஞர் நோட்டீஸ். தண்ணீர், மின்சாரக் கணக்குகளை மாதாமாதம் செயலியில் பார்த்துவிடுகிறேன். இதையெல்லாம் அண்ணனிடம் முன்பே சொல்லியும் வைத்திருக்கிறேன். கோபத்தில் எடுக்கும் முடிவாக அவருக்குத் தெரியக்கூடாது.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, இந்த முறை முத்திரை வரி கட்டினேன். யார் எந்தப் பழுதைப் பார்ப்பது என்று ஒரு பக்கம் தனியாகச் சேர்த்தோம். பல்பு, குழாய் வாஷர், அடைப்பு, குளிரூட்டியின் வழக்கமான சர்வீஸ் அவர்களுடையவை. கூரை, வயரிங், சுவருக்குள் இருக்கும் குழாய், குளிரூட்டியின் கம்ப்ரஸர் என்னுடையவை. சின்னப் பழுது 150 வெள்ளிக்குள் என்றால் அவர்களே செய்து ரசீது அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் என்னிடம் கேட்க வேண்டும். சுவர், தரை, கதவு என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்துச் சேர்த்தோம். பழகப் பழகத் தேய்வது வேறு, உடைப்பது வேறு என்ற சண்டை காலி செய்யும் நாளில்தான் வரும். அன்றைக்கு இந்தப் படங்கள் வேண்டும். விட்டுக்கொடுத்த முன்பணத்தை மட்டும் இன்னும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்கிறாள் தோழி. பாக்கி முடியட்டும் என்றிருக்கிறேன்.

அந்தப் பத்துத் தவணையில் இரண்டு தவறிப்போயின. ஒன்று தீபாவளி மாதம், இன்னொன்று சின்னவனை மருத்துவமனையில் சேர்த்த மாதம். இரண்டு முறையும் பத்தாம் தேதிக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. இன்னும் 400 வெள்ளி பாக்கி இருக்கிறது. போன வாரம் காலை நிகழ்ச்சியின் நடுவே கைப்பேசி அதிர்ந்தது. "மேடம், வாடகையும் 200-ம் போட்டாச்சு. சிங்க் மறுபடி அடைச்சிருக்கு. அது எங்க செலவுதான், சும்மா சொல்றேன்."